டெஸ்ட் பாஸ் ஆன பிறகுதான் பாடம்

பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டி நாலு மாதம் வீடியோ பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, தனியாக எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லித்தான் நிரல் எழுதிப் பழகும் எக்ஸர்சிசம் (Exercism) என்ற இணையதளத்துக்குப் போனேன். எட்டு மாதமாக அங்கேதான் பழகுகிறேன்.

காத்ரீனா ஓவன் 2013-ல் தொடங்கியது இது. லாப நோக்கமில்லாத அமைப்பு, நன்கொடையில் நடக்கிறது, பயிற்சிக்கும் சரி, நாம் எழுதியதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மென்டாருக்கும் சரி காசு கிடையாது. பைத்தான், ஜாவா, ரஸ்ட், ஹாஸ்கெல் என்று 70-க்கும் மேற்பட்ட மொழிகள். ஒவ்வொரு பயிற்சியோடும், நாம் எழுதியது சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்கள் தயாராக வந்துவிடும். நாம் எழுதி ஓட்டினால் எது தேறவில்லை என்று காட்டும், திருத்தி மறுபடி ஓட்ட வேண்டியதுதான். பிரவுசரிலேயே எழுதலாம். நான் கொஞ்ச நாளில் அவர்களுடைய கமாண்ட் லைன் கருவியை இறக்கி, என் லேப்டாப்பிலேயே எழுதி அனுப்ப ஆரம்பித்தேன், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைப் பார்த்தால் வரும் பயம் அதில்தான் போனது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மென்டார் பற்றி. லீப் வருடம் கண்டுபிடிக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. 4-ஆல் வகுபட்டால் லீப் என்று எழுதிவிட்டேன், 1900, 2100 இரண்டும் தேறவில்லை. 100-ஆல் வகுபட்டால் லீப் இல்லை, ஆனால் 400-ஆலும் வகுபட்டால் லீப், அதனால்தான் 2000 சேரும், 1900 சேராது. சரி என்று இஃப்புக்குள் ("இப்படி இருந்தால்" என்று சோதிக்கும் கட்டளை) இஃப், அதற்குள் இன்னொரு இஃப் என்று அடுக்கி எல்லா டெஸ்ட்டையும் தாண்டிவிட்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். மென்டார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த நிபந்தனையே ட்ரூ (உண்மை) அல்லது ஃபால்ஸ்தானே (பொய்), அப்புறம் ஏன் இஃப் போட்டு அதையே திரும்பத் தருகிறீர்கள்? விடையைச் சொல்லவே இல்லை. அரைமணி நேரம் யோசித்தேன், ஒன்பது வரி ஒரே வரியானது. அடுத்து, 4-ஐ முதலில் பார்ப்பதற்கும் 400-ஐ முதலில் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நாலில் மூன்று வருடங்கள் 4-ஆல் வகுபடாது, 4-ஐ முதலில் வைத்து, இரண்டும் உண்மையாக வேண்டும் என்று சொல்லும் ஆண்ட் (and) போட்டிருந்தால் பைத்தான் அங்கேயே நிறுத்திவிடும், மீதியைப் பார்க்காது. நாலு மாத வீடியோவில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது, நான் எழுதியதை அங்கே யார் பார்த்தார்கள்?

மென்டார்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், அதனால் உடனே பதில் வரும் என்று காத்திருக்காமல் அடுத்த பயிற்சிக்குப் போய்விட வேண்டும். விளக்கங்கள் ஆங்கிலத்தில். வெப்சைட் கட்டுவது, டேட்டாபேஸ் இதெல்லாம் வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள், இங்கே மொழியைக் கையாளத்தான் பழக்குகிறார்கள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று. மென்டாரிடம் உதவி கேட்கும்போது "பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வரி உறுத்துகிறது, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று சாதாரண ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும். மற்றவர்கள் எழுதியதை அதற்கு முன்னால் திறந்து பார்த்துவிடாதீர்கள்.