கல்லடி ஆங்கில வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

தரம் 10இல் கற்கும் என் மகளை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை மனத்திற்கொண்டு, மட்டக்களப்பு கல்லடியிலுள்ள தனியார் ஆங்கில வகுப்பொன்றில் சேர்த்து 8 மாதங்கள் ஆகின்றன. அங்கே இலக்கண விதிகளை முதலில் மனனம் செய்விப்பதில்லை. ஒரு சிறு பந்தியை வாசித்து, அதிலுள்ள ஒவ்வொரு 'ஹீ', 'இட்', 'தே' என்பதும் யாரை அல்லது எதைச் சுட்டுகிறது என்று பிள்ளைகளே கோடிட்டுக் காட்டிய பின்னர்தான் விதி பேசப்படுகிறது.

'நேற்று வந்த மாமா' என்பதில் பெயருக்கு முன் நிற்கும் பெயரெச்சத்தின் பொருள், ஆங்கிலத்தில் 'ஹூ' என்ற சொல்லோடு பெயருக்குப் பின்னே செல்வதையும், வாக்கிய இறுதியில் நிற்கும் வினை எழுவாயை அடுத்து வந்துவிடுவதையும் ஆசிரியை இரு மொழிகளையும் பலகையில் அருகருகே எழுதி விளக்குகிறார். என் மகள் இப்போது நீண்ட வாக்கியங்களைக் கண்டு மிரளாதிருப்பதற்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

'ஏ', 'தி' ஆகியவற்றுக்குத் தமிழில் நேர் நிகரான சொற்கள் இல்லாமையால் அவள் அவற்றில் இன்னும் தடுமாறுகிறாள். அதற்கான பயிற்சி போதவில்லை. ஒரே அறையில் ஏறத்தாழ 40 பிள்ளைகள் இருப்பதால் எழுதிய விடைகள் தனித்தனியே திருத்தப்படுவதில்லை என்பது என்னை உண்மையாகவே வருத்தும் குறை. கட்டணம் நியாயமானது. சேர்க்க விரும்புவோர் சனிக்கிழமை காலை வகுப்பைக் கேளுங்கள். அதில் பிள்ளைகள் குறைவு.