கொம்புத் தவளையின் திறந்த வாய்: ஐந்தாம் ஆண்டில் எழுதுவது

வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் தென்னமெரிக்கக் கொம்புத் தவளையின் குஞ்சுகள் கொழும்பில் விலை இறங்கிவிட்டனவாம், மகள் கேட்டு அடம்பிடிக்கிறாள், வாங்கிக் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். 2021 ஆம் ஆண்டிலிருந்து ஒன்றை வீட்டில் வளர்த்துவருபவன் என்பதால் ஒரே சொல்லில் பதில் தந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்லாமல் விடுவது அவருக்கும் நியாயமில்லை, தவளைக்கும் நியாயமில்லை.

இந்த உயிரிடம் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் ஒன்று உண்டென்றால் அது அதன் வாய்மீதுதான். தொட்டிக்கு முன்னால் விரல் அசைந்தாலும் துணி அசைந்தாலும் பாய்ந்து கவ்வும். பார்ப்பவர்கள் அதைப் பசி என்று எண்ணிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆர்ஜென்டினா, பரகுவே, பொலிவியா நாடுகளில் பரந்திருக்கும் சாக்கோ என்னும் வறள்நிலத்தில், மழை பெய்யும் சில மாதங்களுக்குள் தின்று கொழுத்துவிட்டு மற்றைய காலத்தை மண்ணுக்குள் கழிக்கும் இனம் இது. ஆகவே வயிறு நிறைந்திருக்கிறதா என்று பாராமல் அசைவதையெல்லாம் விழுங்குவதே அதன் இயல்பு. எனக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை. “வாய் திறந்தால் கொடுங்கள்” என்றார். எட்டு மாதங்கள் அப்படியே கொடுத்தேன். பிறகு மூன்று வாரங்கள் மலம் கழிக்காமல், கால்கள் நிலத்தில் பாவாத அளவுக்கு வயிறு பரந்து அது கிடந்தபோது, நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் இருத்தி எடுத்தே காப்பாற்ற முடிந்தது. விற்கும்போது இரண்டு நிமிடம் செலவிட்டு அவர் விளக்கியிருந்தால் இந்த வதை நேர்ந்திராது.

குஞ்சுக்கு நாளுக்கொரு முறையோ ஒருநாள் விட்டு ஒருநாளோ சிறு இரை வேண்டும். வளர்ந்ததற்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை போதும். அதன் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தை விடப் பெரிய இரையை நான் கொடுப்பதில்லை. எலிக்குஞ்சு கொழுப்பு மிகுந்தது. எப்போதாவது ஒன்று என்பதோடு நிறுத்த வேண்டும். தங்கமீனை அடிக்கடி கொடுத்தால் அதிலுள்ள தயாமினேஸ் என்னும் நொதியம் உடலிலுள்ள விற்றமின் பி1 ஐச் சிதைத்துவிடும்.

இரை தேடுவதுதான் யாழ்ப்பாணத்தில் பெரும்பாடு. தத்துவெட்டிகள் எங்கும் துள்ளுகின்றனவே என்று வெங்காயத் தோட்டத்திலோ புகையிலைத் தோட்டத்திலோ பிடித்துவந்து போடாதீர்கள். அங்கே தெளிக்கும் மருந்து அவற்றின் உடலோடு வரும். வீட்டுக் கரப்பொத்தானும் அப்படித்தான், யார் வீட்டில் என்ன விசிறினார்கள் என்று அறிய வழியில்லை. நான் கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால், எந்த மருந்தும் படாத மூலையில் பழைய வாளி ஒன்றில் மக்கிய இலையும் காய்கறித் தோலும் இட்டு மண்புழு வளர்க்கிறேன். புழுவைக் கழுவி, கல்சியமும் விற்றமின் டி3 உம் கலந்த தூளில் இலேசாகப் புரட்டி, நீண்ட சாவணத்தால் நீட்டுவேன். தொட்டியில் இட்ட தும்புத்தூளுக்குள் கண்கள் மட்டும் தெரியப் புதைந்திருக்கும் தவளை ஒரே வீச்சில் எழுந்து கவ்வும். விழுங்கும்போது அந்த இரு கண்களும் தலைக்குள் அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளும். ஐந்தாம் ஆண்டிலும் அந்தக் கணத்தை விட்டு என்னால் கண்ணெடுக்க முடிவதில்லை.

வாங்கும்போது நல்ல தவளையைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமில்லை. இறக்குமதி அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாகவும் தாடை நேராகவும் இருக்க வேண்டும். கடைக்காரர் உங்கள் முன்னிலையில் இரை கொடுக்க, அது உண்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். நாணயத்தளவு குஞ்சை விட சற்று வளர்ந்தது தாங்கும்.

வெப்பம் வேறு கதை. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இதற்கு இதமானது. 30 ஐத் தாண்டி நீடித்தால் துன்பம்தான், நம் சித்திரை வெயிலோ அதை எளிதில் தாண்டிவிடும். 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது ஈரச்சாக்கைத் தொட்டியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். அது தும்புத்தூளுக்குள் ஆழ இறங்கி உண்ண மறுத்தது. சில வாரங்கள் கழித்துத் தோண்டியபோது உடல் முழுதும் காய்ந்த தாள் போன்ற உறை மூடியிருக்க, இறந்துவிட்டது என்றே என் மனைவி அழுதாள். ஆழமில்லாத நீரில் வைத்தோம். உறை இளகியது, முன்கால்களால் அதை வாய்ப்பக்கம் இழுத்து, தன் பழைய தோலைத் தானே தின்று முடித்துவிட்டு எங்களைப் பார்த்தது. வறட்சியில் உரிந்த தோலை அடுக்கடுக்காகப் போர்த்து ஈரத்தைக் காப்பது இந்த இனத்தின் வழி என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஓர் உயிரை, வெயிலும் மின்வெட்டும் உள்ள ஊரில், திறந்த வாயை நம்பி ஒரு பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மகளை இங்கே அழைத்துவரும்படி கேட்டிருக்கிறேன். அன்று எங்கள் தவளைக்கு இரை கொடுக்கும் நாள். சாவணத்தை அவளிடமே கொடுக்க எண்ணியிருக்கிறேன்.