வாய்க்காலா, குளமா? யாழ்ப்பாண நகரத்து மாரி வெள்ளம்

கொழும்புக்கு வெள்ளம் களனி கங்கையோடு மலையிலிருந்து வருகிறது. அங்கே அணைக்கட்டு, பம்பு என்று பேசுவது சரி. எங்களுக்கு அப்படியொரு பேராறு இல்லை. இருக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. எங்கள் வெள்ளம் வானத்திலிருந்து நேரே தலையில் இறங்குவது. 2008 நவம்பர் 25இல், நிஷா புயல் நேரம், ஒரே நாளில் 389.8 மில்லிமீற்றர் மழை கொட்டியது. ஒரு பரப்புக் காணியில் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) மட்டும் ஏறத்தாழ 1 இலட்சம் லீற்றர் தண்ணீர்! இதைக் கடலுக்கு விரட்டுவதா, நிலத்துக்குள் இறக்குவதா?

கொங்கிறீற் வெள்ளவாய்க்காலின் பலம் வேகம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது யாருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் இது தட்டையான ஊர், சரிவு மிகக் குறைவு. கடல்நீரேரி மட்டம் உயர்ந்த நாளில் வாய்க்காலின் வாயிலேயே தண்ணீர் மறித்து நிற்கும். போன மாரியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மூடியைக் கிளப்பிப் பார்த்தோம்: பொலித்தீன் பை, பிளாஸ்டிக் போத்தல், வீட்டுச் சுவர் கட்டி மிஞ்சிய கல். ஒரு சாண் ஆழம்கூட மிச்சம் இல்லை.

குளத்தின் கதை வேறு. அதில் தேங்கும் மழைநீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கும். இந்த மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்; அதற்குள் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. நாங்கள் குடிப்பது அதைத்தான். எங்கள் கிணற்றில் கார்த்திகையில் குனிந்து வாளியால் அள்ளலாம். ஆவணியில் அதே தண்ணீர் அடிக்குப் போய், தேநீரில் உவர்ப்பு தட்டும். மாரியில் கடலுக்கு அனுப்பிய ஒவ்வொரு வாளியும் கோடையில் வந்து கணக்குக் கேட்கும். அதனால் என் கை குளத்தின் பக்கம்தான்.

ஆரியகுளத்தை 2021இல் தூர்வாரி, சுற்றி நடைபாதையும் போட்டார்கள். மாலையில் பிள்ளைகளோடு போய் இருக்க நல்ல இடம். ஆனால் கரை அழகானால் போதாது, மழைநீர் வந்து சேரும் வழி திறந்திருக்க வேண்டும். பல குளங்களுக்கு அந்த வழியை மதிலும் கடையும் அடைத்துவிட்டன. இன்னொன்று, சமையலறைக் கழிவும் மலக்குழிக் கசிவும் கலந்த வாய்க்காலைக் குளத்தில் திருப்பவே கூடாது. சுண்ணக்கல் வெடிப்புகள் வழியாக அந்த அழுக்கு கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது.

சரி, குளம் எல்லா இடத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது. பொம்மைவெளி, நாவாந்துறை போன்ற கரையோரப் பள்ளங்களில் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே நிற்கும், உறிஞ்ச இடமில்லை. அங்கே வாய்க்காலும், அதன் வாயில் கடல்நீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் கதவும்தான் வழி. மேட்டுப் பகுதிகளில் குளம் முதலில் நிரம்பட்டும், வழிவதை மட்டும் வாய்க்கால் கொண்டுபோகட்டும். இதற்கான மண்வேலை புரட்டாதிக்குள் முடிய வேண்டும். ஐப்பசி பிறந்தால் மண்வெட்டி இறங்கும் இடமெல்லாம் சேறுதான்.