உப்புக்காற்றில் ஒரு 4070 சூப்பர்: இருபது மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

"செகண்ட் ஹேண்ட்ல ஒரு 4070 சூப்பர் வருதுண்ணே, வாங்கலாமா?" கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊரான மணவாளக்குறிச்சித் தம்பி ஒருவரின் கேள்வி. என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டைச் சொல்கிறார். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் அவர் தொழில். ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் முடிகிற பதில் இல்லை. அதுவும் நான் என்னுடைய 4070 சூப்பரைப் பிரித்து, விசிறி மாற்றி மூடிய இந்த வாரத்தில் கேட்டிருக்கிறார். பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

12 ஜிபி மெமரி, 220 வாட், 2024 ஜனவரியில் வந்த கார்டு என்பதெல்லாம் தெரிந்த கதை. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிர்பாராத சந்தோஷம் அதன் அமைதி. டைம்லைனில் வெட்டி ஒட்டும்போது மூன்று விசிறியும் நின்றே கிடக்கும். ரெண்டர் போட்டால்தான், அதாவது முடித்த வீடியோவைக் கோப்பாக மாற்றும்போதுதான் சுற்றும், அதுவும் சீலிங் ஃபேன் சத்தத்துக்கு அடியில் அமுங்கிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு ரெண்டர் ஓடினாலும் பக்கத்து அறையில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எரிச்சல் வேறு இடத்தில். கடப்புறத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஏசி இல்லாத அறையில் இந்தக் கார்டு இருந்தால் ஒரு வருடத்தில் முகம் மாறிவிடுகிறது. முதலில் கேபினட்டின் பின்பக்கம் தெரியும் இரும்புப் பட்டையில், எச்டிஎம்ஐ ஓட்டையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் வரும். பிறகு விசிறிக்குப் பின்னால் இருக்கும் ஹீட்சிங்கின், அதாவது சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொடி. தூசி என்று நினைத்து புளோயர் அடித்தால் போகாது. நகத்தால் சுரண்டினால் கோலமாவு போல உதிரும், அடியில் தகடு அரித்து நுனி மெலிந்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்ற அடையாளம் அது. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு மழை. வேறு ஊர்க்காரனுக்கு ஒரு பருவம் என்றால் நமக்கு இரண்டு.

இதில் அந்த அமைதிக்கும் பங்கு உண்டு. விசிறி நின்று, மெஷினும் அணைந்து, ஒரு வாரம் தொடாமல் கிடக்கும்போதுதான் ஈரம் உள்ளே படிகிறது. தினமும் ஓடிச் சூடாகும் கார்டில் இந்தத் தொல்லை குறைவு. மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் நாளுக்கு அரை மணி நேரம் ஆன் செய்து ஏதாவது ரெண்டர் ஓட விடுங்கள். ஏசி அறையில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்து கிடக்கும் கார்டின் மேல் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று வேர்த்துவிடும். சர்க்யூட் போர்டில் நெயில் பாலிஷ் பூசச் சொல்லும் வைத்தியத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

வாரண்டி? மூன்று வருடம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. விசிறி கரகரக்கிறது என்று அனுப்பினால் "துரு இருக்கிறது, இது வெளிச்சேதம், வாரண்டியில் வராது" என்று போட்டோவோடு பதில் வருகிறது. கடலோரத்துக்காரனிடமும் அதே விலையைத்தான் வாங்குகிறார்கள். சரி, நியாயமாகப் பார்த்தால் அவர்கள் போட்ட நிபந்தனையில் அது இருக்கத்தான் செய்கிறது. படிக்காதது நம் தப்பு. ஆனாலும் வயிறு எரிகிறது.

ஆகவே நாமே பிரிக்க வேண்டியதுதான். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சிப்பின் கோர் சூட்டையும், அதில் அதிகம் சுடும் இடமான ஹாட்ஸ்பாட்டின் சூட்டையும் பாருங்கள். இடைவெளி 10 முதல் 15 டிகிரி என்றால் தொடாதீர்கள். 25ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒதுங்கிவிட்டது என்று பொருள். பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். அதன்பின் கரண்டை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். சிப்பைச் சுற்றியுள்ள நாலு ஸ்பிரிங் திருகுகளையும் குறுக்கு மறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். துரு ஏறிய திருகுக்குச் சிறிய பிட் போட்டால் தலை வழுக்கிவிடும், அப்புறம் டிரில்தான். ஹீட்சிங்கை நெம்பாமல் லேசாகத் திருகித் தூக்குங்கள். விசிறி வயர் குட்டையாக போர்டில் மாட்டியிருக்கும். ஆர்வத்தில் இழுத்தால் சாக்கெட்டோடு வரும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபிரோபைல். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், வேண்டாம். மெமரி சிப் மேல் இருக்கும், சூடு கடத்தும் மெத்தையான தெர்மல் பேட் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கனம்: 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று கலந்து வரும். வெர்னியரால் அளக்காமல் எல்லா இடத்திலும் 2 போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது. பிரித்த பிறகு சூடு அதிகமாகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அளக்க முடியாவிட்டால் பேடுக்குப் பதில் களிமண் போன்ற தெர்மல் புட்டி வாங்குங்கள், தானாக அமுங்கி இடத்தை நிரப்பும். புது விசிறிக்கு நடுவில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதோடு விட்டம், திருகு ஓட்டைகளின் இடைவெளி, பின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போனால் ஆன்லைனில் ஆர்டர் போடலாம். பழைய விசிறியில் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது இரண்டு வாரத்துக்குத்தான் வேலை செய்யும்.

16 பின் பவர் கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை டார்ச் அடித்துப் பாருங்கள். 'டக்' சத்தம் சரியாகக் கேட்காது. பாதி மாட்டியது சூடாகி உருகும். சும்மா சும்மா கழற்றி மாட்டவும் கூடாது, அந்தக் கனெக்டருக்கு 30 முறைதான் கணக்கு.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. 600 விஏ யூபிஎஸ் இதற்குப் போதாது, ரெண்டர் நேரத்தில் கரண்ட் போனால் அதுவும் கூடவே போகும். குறைந்தது 1,000 விஏ. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் பின்பக்க சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் மாறுவதற்குள் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐயையும் கழற்றுங்கள். கேபிள் டிவி வயர் வழியாக வரும் மின்னல் டிவியைத் தாண்டி கார்டுக்கு வர அந்த ஒரு கேபிள் போதும். பில்: முழு மெஷினும் 350 வாட் என்றால் நாளுக்கு ஐந்து மணி நேரத்தில் 1.75 யூனிட், இரண்டு மாதத்துக்கு 105. வீட்டு மீட்டர் ஏற்கெனவே 400ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் இது 500ஐத் தாண்ட வைக்கும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு விலை ஏறுவது மட்டுமல்ல, ஆரம்ப யூனிட்டுகளுக்கான சலுகையும் கைவிட்டுப் போகும்.

இனி தம்பியின் தொழில். இப்போதைய சோனி கேமராக்களில் பலர் 4:2:2 10 பிட்டில், அதாவது நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறையில் எடுக்கிறார்கள். 4070 சூப்பர் உட்பட 40 வரிசைக் கார்டு எதுவும் அதை ஹார்டுவேரில் டிகோட் செய்யாது, அதாவது விரித்துக் காட்டாது. எத்தனை ஆயிரம் கொட்டினாலும் பிளேபேக் திக்கும். எச்.265 கோப்பு என்றால் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் பிராசஸரின் உள் கிராபிக்ஸ் அந்த வேலையைச் செய்யும். பயாஸில் அதை ஆன் செய்து, எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் டிகோட் ஆப்ஷனில் இன்டெல் குவிக் சின்க்கை டிக் செய்ய வேண்டும். அசெம்பிள் செய்கிற கடையில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று 'எஃப்' போட்ட பிராசஸரைத் தள்ளிவிட்டிருந்தால் அதில் உள் கிராபிக்ஸே கிடையாது. அப்போது கேமராவை நிற விவரம் குறைவான 4:2:0வுக்கு மாற்றுங்கள், அல்லது பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் இலேசான நகல் கோப்பு போடுங்கள். மங்கலான கோவில் வெளிச்சத்திலோ சர்ச்சுக்குள்ளோ எடுத்ததற்கு 4கேயில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு மேலே இரண்டு எஃபெக்ட் அடுக்கினால் 12 ஜிபி நிரம்பி, ரிசால்வ் மெமரி போதவில்லை என்று கைவிரிக்கும்.

அடுத்து வந்த 50 வரிசைக் கார்டுகளில் 4:2:2 டிகோட் வந்துவிட்டது. 5060 டிஐ 16 ஜிபி, 180 வாட்தான். ரெண்டர் வேகம் 4070 சூப்பரை விடக் குறைவு, ஆனால் எடிட்டிங் மேஜையில் நாள் முழுக்கப் பிடிக்கும் எரிச்சல் அதைவிடக் குறைவு. அந்த வரிசையில் ஹாட்ஸ்பாட் சூட்டைக் காட்டுவதை எடுத்துவிட்டார்கள் என்பது தனிக் கடுப்பு.

எனவே தம்பி, அந்த செகண்ட் ஹேண்ட் வேண்டாம். அதுவும் கார்டு கடலோரக் குளச்சலிலோ முட்டத்திலோ ஓடியது என்றால் பாதி விலைக்கும் வேண்டாம். கடலை விட்டு உள்ளே தள்ளிய மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ஏசி அறையில் இருந்தது என்றால், விசிறிக்குள் டார்ச் அடித்து வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

"அப்போ உங்க கார்டைக் கொடுத்துடுவீங்களா?" என்று அடுத்து கேட்பார். இல்லை. புது விசிறி போட்டாயிற்று, ஹாட்ஸ்பாட் இடைவெளி 12 டிகிரிக்கு இறங்கியாயிற்று. விற்பதற்கு இல்லை.