செட்டுக்குப் பேட்டரி வாடகை: டீசல் மிச்சம்தான், ஆனால் அயர்ன் பாக்ஸைப் பக்கத்தில் விடாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷூட்டிங்கில் ஜெனரேட்டர் வேனே வேண்டாம் என்று நினைத்து, அதற்குப் பதிலாக இந்தப் பெட்டி பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் முதல் நாளே மூக்குடைபடும். வேன் வரட்டும், நிற்கட்டும். அதை எந்தெந்த நேரத்தில் அணைத்துப் போடலாம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சாமான் உதவும்.

நான் புரொடக்‌ஷன் மேனேஜர். இந்த முறை ஒரு வெப் சீரிஸ், காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் ஷெட்யூல். படம் எடுக்கக் காசு கொடுத்த ஓடிடி கம்பெனி, பட்ஜெட்டோடு சேர்த்துக் கார்பன் கணக்கும் கேட்டது, அதாவது ஷூட்டிங்கால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று. எத்தனை லிட்டர் டீசல், எத்தனை ஃப்ளைட் டிக்கெட், எத்தனை லாட்ஜ் ரூம், செட்டுக்கு எவ்வளவு பிளைவுட் என்று ஒரு படிவம். இங்கிலாந்தில் சினிமா, டிவி விருது கொடுக்கும் பாஃப்டா ஆரம்பித்துவைத்த ஆல்பர்ட் என்ற அமைப்பு பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாதிரிக் கணக்குதான் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. அவர்களுடைய மிகப் பெரிய பட்ஜெட் படம் ஒன்றுக்குச் சராசரியாக 3,370 டன் கார்பன் வெளியேற்றம், அதில் ஏறக்குறைய பாதி எரிபொருளால் மட்டும், அதாவது வண்டிகளும் ஜெனரேட்டரும். நம்ம ஊர் ஷூட்டிங்கில் வண்டிகளைக் குறைப்பது மேனேஜர் கையில் இல்லை, அது நடிகர்களின் மேனேஜர்கள் கையில் இருக்கிறது. எனக்குக் கை எட்டியது ஜெனரேட்டர் மட்டும்தான்.

சாமான் என்னவென்றால், சக்கரம் வைத்த பெட்டி, 3.6 யூனிட் கொள்ளளவு, ஒரே நேரத்தில் 3,600 வாட் வரை இழுக்கலாம், எடை 45 கிலோ. உள்ளே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. சென்னையில் கேமரா, லென்ஸ் வாடகைக்கு விடும் கடையில்தான் கிடைத்தது. நாங்கள் பேசி முடித்த வாடகை ஒரு பெட்டிக்கு ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். மூன்று பெட்டி எடுத்தோம். கூட ஆள் அனுப்பவில்லை, ஒரு லேமினேட் செய்த தாளை அனுப்பினார்கள். அந்தத் தாள் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எங்கள் லைட்மேன் அண்ணன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன் சார், கல்யாண மண்டபத்து இன்வெர்ட்டரைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பேட்டரி என்றாலே சுத்தம், டீசல் என்றாலே அழுக்கு என்று கடைக்காரர் சொல்வார். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நல்ல லோடில், அதாவது தன் சக்திக்கு ஏற்ற வேலையோடு ஓடும் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் தரும், ஆக யூனிட்டுக்குச் சுமார் 0.8 கிலோ. பேட்டரியை நாம் சார்ஜ் போடுவது இபி கரண்டில். இந்திய மின்தொகுப்பில் இன்னும் நிலக்கரிதான் பெரிய பங்கு, சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ. ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் நஷ்டமாவதையும் சேர்த்தால் பேட்டரியும் 0.8-ஐத்தான் தொடும். வித்தியாசமே இல்லையே என்கிறீர்களா? நல்ல லோடில் ஓடினால் இல்லைதான்.

ஆனால் எந்த ஷூட்டிங்கில் ஜெனரேட்டர் நல்ல லோடில் ஓடுகிறது? 125 கேவிஏ சக்தியுள்ள பெரிய ஜெனரேட்டர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம், ராத்திரி சீனில் ஹெச்எம்ஐ என்ற பெரிய லைட்டெல்லாம் போடும்போது தேவைப்படும் என்று. காலை ஆறு மணிக்கு அதை ஸ்டார்ட் செய்வது எதற்கு? மேக்கப் ரூமில் நாலு பல்பு, டைரக்டர் மானிட்டர், டேட்டா காப்பி எடுக்கும் பையனின் லேப்டாப், இரண்டு பெடஸ்டல் ஃபேன். மொத்தம் இரண்டு கிலோவாட் வந்தால் அதிகம். வெறுமனே உறுமிக்கொண்டு நின்றாலே அந்த வண்டி மணிக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். நாலு லிட்டரில் இரண்டு யூனிட். யூனிட்டுக்கு ஐந்து கிலோவைத் தாண்டிவிடுகிறது! ஒரு டம்ளர் காபிக்கு அண்டா நிறைய வெந்நீர் போடுவது மாதிரி. எஞ்சினுக்கும் கேடு. குறைந்த லோடில் டீசல் முழுசாக எரியாமல் உள்ளே கரி படியும், இது ஆபரேட்டர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் நாங்கள் லோடைப் பிரித்தோம். மேக்கப், மானிட்டர், டேட்டா மூன்றும் பேட்டரியில். பெரிய லைட் ஏறும் வரை ஜெனரேட்டரைத் தொடுவதில்லை. இப்போதெல்லாம் எல்இடி லைட் வந்த பிறகு இது சாத்தியம். 600 வாட் வகை எல்இடி இரண்டைப் பேட்டரியில் முழுவெளிச்சத்தில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. வீட்டு முற்றத்தில் பகல் வெளிச்சத்தோடு எடுத்த சீன்களுக்கு அது தாராளம். ஹெச்எம்ஐ போட்ட ராத்திரிகளில் பெட்டிகள் ஓரமாகத் தூங்கின. அதில் வருத்தமில்லை.

எதிர்பார்க்காத லாபம் சவுண்டில். செட்டிநாட்டுத் தெருவில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினால் லைவ் சவுண்ட் எடுக்க முடியாது, இரண்டு தெரு தள்ளி நிறுத்தினால் கேபிள் இழுத்தே லைட்மேன்களுக்கு முதுகு போகும். நடுவில் ஒரு வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் பஞ்சாயத்து வேறு. பேட்டரியை வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள், உருட்டிப் போனோம், கேபிள் மிச்சம், பக்கத்து வீட்டு ஆச்சி மதியத் தூக்கத்துக்கும் பங்கமில்லை. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது, காரணம் பேட்டரியின் உள் ஃபேன். லோடு ஆயிரம் வாட்டைத் தாண்டினால் அது இரைய ஆரம்பிக்கும், வெயில் ஏறினால் குறைந்த லோடிலும் இரையும். கல்தூணுக்குப் பின்னால் தள்ளி வைத்துப் போர்வையைத் தொங்கவிட்டுச் சமாளித்தோம். காற்று போகும் வழியை மூடாமல் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி சூடாகி அணைந்துவிடும்.

அயர்ன் பாக்ஸுக்கு வருவோம். காஸ்ட்யூம் டிபார்ட்மென்டின் ஸ்டீம் அயர்ன் 2,000 வாட். யாரும் கேட்காமல் பக்கத்திலிருந்த பேட்டரியில் சொருகிவிட்டார்கள். பட்டுப்புடவை ஒன்று, வேட்டி சட்டைகள் கொஞ்சம், பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்ததால் ஹேர் டிரையரும் சேர்ந்துகொண்டது. ஷாட் நடுவில் மானிட்டர் போய்விட்டது. அன்றிலிருந்து பெட்டி மேல் "சூடு பண்ற எதுவும் இங்க கூடாது" என்று மார்க்கரில் எழுதி ஒட்டினோம். காஸ்ட்யூமர் அக்காவுக்கு வீட்டுக்காரரின் சுவர் பிளக் ஒன்றை, வாடகையோடு ஒரு தொகை சேர்த்துப் பேசி வாங்கிக் கொடுத்தேன். டீ கெட்டிலும் அதே ஜாதி.

உண்மையான தலைவலி சார்ஜிங்தான். மூன்று பெட்டியையும் ராத்திரி நிரப்ப வேண்டும். லாட்ஜ் ரூமில் 16 ஆம்ப்ஸ் பிளக் ஏசிக்கு மட்டும்தான் இருக்கும். ஏசியைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரி சார்ஜ் போட எந்த அசிஸ்டன்ட் டைரக்டர் ஒப்புக்கொள்வான்? கடைசியில் லாட்ஜ் ரிசப்ஷன் பின்னால் மோட்டார் ரூமில் போட்டோம், வாட்ச்மேனுக்குத் தனியாக பேட்டா. அந்த லாட்ஜ்காரர் ஒருநாள் நடுராத்திரியில் வயர் சூடாகிறது என்று இரண்டைக் கழற்றிவிட்டார், காலையில் பார்த்தால் ஒன்றில் மட்டும்தான் சார்ஜ். தப்பு அவருடையது அல்ல, வயரிங் பழசு. சார்ஜ் ஆகும் வேகத்தைப் பெட்டியிலேயே குறைத்து வைக்க ஒரு செட்டிங் இருக்கிறது. லேமினேட் தாளில் அது கடைசி வரியில், பொடி எழுத்தில் இருக்கிறது. கடைக்காரர் வாயால் சொல்லியிருக்கலாம்.

பணக் கணக்கு: சென்னையில் டீசல் தொண்ணூறு ரூபாய்க்கு மேல். காலையும் மதியமும் ஐந்து மணி நேரம் வண்டியை அணைத்துப் போட்டால் இருபது லிட்டர், ஆயிரத்து எண்ணூறு ரூபாய் சொச்சம். மூன்று பெட்டி வாடகை 7,500. ஆக, நஷ்டம்தான். கேபிள், கால்ஷீட் நேரம், டப்பிங் செலவு என்று சுற்றி வளைத்தால் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் புரொட்யூசரிடம் "காசு மிச்சம்" என்று சொல்லி இதை விற்காதீர்கள். இரண்டு பெட்டியே போதும் என்பது என் அபிப்பிராயம். மூன்றாவதை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை. ஜெனரேட்டர் ஆபரேட்டருக்குக் கால்ஷீட்டும் பேட்டாவும் குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், வண்டி அணைந்து கிடப்பதைப் பார்த்து அவர் பதறிப்போவார். சொன்ன பிறகு எங்கள் ஆபரேட்டர் தம்பிதான் பெட்டிகளை உருட்டி வைத்து சார்ஜ் சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரே லொகேஷனில் மாசக்கணக்கில் செட் போடுபவர்களுக்குப் பேட்டரி தேவையே இல்லை. இபியில் டெம்பரரி கனெக்‌ஷன் வாங்குங்கள். விண்ணப்பம், டெபாசிட், அலைச்சல் எல்லாம் உண்டு, ஆனாலும் ஒரு தடவை அலைந்தால் போதும். ஓடிடி கம்பெனியின் அந்தக் கார்பன் படிவத்தில் குடிதண்ணீர் பாட்டில் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்தே தடை, ஆனால் நம் யூனிட் டீயில் அது இன்னும் சுற்றுகிறது. புரொடக்‌ஷன் பையன்களிடம் சில்வர் டம்ளரைக் கொடுத்தால் கழுவ ஆள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான், ஒரு ஆள் போட்டேன்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடையில் மூன்று கேளுங்கள். பெட்டி எத்தனை வருடம் பழசு, முழு சார்ஜில் நிஜமாக எத்தனை யூனிட் வருகிறது, வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு. எங்களுக்கு வந்ததில் ஒன்றின் சக்கரம் ஏற்கெனவே உடைந்திருந்தது, 45 கிலோவை வாசல்படியில் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். திரும்பக் கொடுக்கும்போது அந்தச் சக்கரத்தை எங்கள் கணக்கில் எழுதப் பார்த்தார்கள். வாங்கும்போதே எடுத்து வைத்த போட்டோவைக் காட்டினேன், டெபாசிட் முழுசாக வந்தது.