இதழியலா, மக்கள் தொடர்பா? கல்லூரியில் எதை எடுப்பது?

ரெண்டும் எழுத்து வேலைதானே, எதில் சேர்ந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். நான் இதழியலை முதன்மைப் பாடமாக எடுத்தேன், கூடவே மக்கள் தொடர்பில் சில தாள்கள் படித்தேன். படித்து முடித்தபின் முதலில் செய்தி டெஸ்க்கில் (செய்திகளைச் சரிபார்த்துத் திருத்துகிற பிரிவு) வேலை, அப்புறம் ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தபிறகும் கல்லூரிப் படிப்பு என்று வந்தால் நான் இதழியல் பக்கம்தான் சாய்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாண்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. தொடர்பியல் கோட்பாடுகள், ஊடகச் சட்டம், அறநெறி, அடிப்படை எழுத்துப் பயிற்சி எல்லாம் பொதுவாகவே இருக்கும். பல இடங்களில் இரண்டு பிரிவினரும் ஒரே வகுப்பில்தான் உட்காருவார்கள். பாதை பிரிவது அதற்கப்புறம்தான்.

எப்படிப் பிரிகிறது என்பதற்கு வகுப்பில் கொடுக்கிற மாதிரியான ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு நகராட்சி பழைய ஆற்றுப்பாலத்தைப் பழுதுபார்க்கப் போகிறது. அதன் செய்திக்குறிப்பு இப்படித் தொடங்குகிறது: ‘பொதுமக்களின் பாதுகாப்பை மேம்படுத்தும் நோக்கில் பாலத்தைப் புதுப்பிக்கும் பணி தொடங்குகிறது.’ நாலாவது பத்தியில் போகிற போக்கில், பணி முடியும்வரை போக்குவரத்து மாற்றுப்பாதையில் திருப்பிவிடப்படும் என்று ஒரு வரி. இதழியல் மாணவர் இதிலிருந்து எடுக்க வேண்டிய லீட், அதாவது செய்தியின் முதல் வரி: ‘ஆற்றுப்பாலம் திங்கள்கிழமை முதல் எட்டு மாதங்களுக்கு மூடப்படுகிறது.’ அந்த எட்டு மாதம் என்கிற தகவல் குறிப்பில் எங்கேயும் இருக்காது, ஃபோன் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும், பாலத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அந்த அறிக்கையைப் பார்க்க முடியுமா, ஒப்பந்தம் யாருக்குப் போனது என்று வரிசையாகக் கேள்விகள். பேசிய அதிகாரியின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் கிடையாது என்று வைத்திருக்கிற ஆசிரியர்கள் உண்டு. அந்தக் கண்டிப்பு ரொம்பச் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதே பாலத்தை மக்கள் தொடர்பு மாணவர் வேறு முனையிலிருந்து பார்க்க வேண்டும். பத்திரிகைகளுக்குச் சொல்வதற்கு முன்னால் யாருக்குத் தெரிய வேண்டும்? கரையோரத்துக் கடைக்காரர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடங்கள். நிருபர்கள் என்னென்ன கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதில் என்ன, யார் பேசுவது? வேலை தாமதமானால் அதை எப்போது, எப்படிச் சொல்வது? இதுவும் சின்ன வேலை இல்லை. நன்றாகச் செய்தால் ஊருக்கே உபயோகம்.

அந்தப் பாடத்திட்டத்தில் கருத்துக்கணிப்பு நடத்துவது, இலக்குக் குழுவைப் பிரிப்பது, பட்ஜெட் போடுவது, நெருக்கடியைக் கையாள்வது எல்லாம் வரும். நிறுவனம் ஒருவழியாகப் பேசிக்கொண்டே இருக்காமல் மக்களிடமிருந்து கேட்டு மாறவும் வேண்டும் என்கிற கருத்தை, க்ரூனிக், ஹண்ட் என்கிற மக்கள் தொடர்பு அறிஞர்கள் 1984இல் வகுத்த நான்கு மாதிரிகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். 1982இல் சிகாகோ பகுதியில் டைலினால் என்கிற வலிநிவாரணிக் காப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றதும் அநேகமாக எல்லா வகுப்பிலும் வருகிற பாடம். வெளியான செய்தியின் அளவை விளம்பரக் கட்டணமாகக் கணக்குப் போட்டு, இவ்வளவு லாபம் என்று காட்டுகிற பழைய பழக்கத்தை மக்கள் தொடர்பின் பலனை எப்படி அளப்பது என்று 2010இல் வகுத்த பார்சிலோனா கோட்பாடுகள் நிராகரித்ததையும் நல்ல ஆசிரியர் இருந்தால் சொல்லிக்கொடுப்பார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெரிய நெருக்கடி எதையும் உள்ளேயிருந்து கையாண்ட அனுபவம் எனக்கில்லை, பெரிய ஏஜென்சியில் இருந்ததும் இல்லை. அந்தப் பகுதியில் என் பேச்சைவிட அங்கே வேலை பார்ப்பவர்களின் பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

வேலைவாய்ப்பு, சம்பளம் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மக்கள் தொடர்பு பக்கம்தான் பொதுவாகக் கை ஓங்கியிருக்கிறது. அமெரிக்காவில் நாளிதழ்ச் செய்திப்பிரிவுகளில் 2008இல் சுமார் 71,000 பேர் இருந்தார்கள், 2020இல் ஏறக்குறைய 31,000 பேர்தான் என்கிறது பியூ ஆய்வு மையம். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வீட்டில் ‘இதழியல் வேண்டாம்’ என்று சொன்னால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அப்படியிருந்தும் ஏன் இதழியல்? என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்தான்: பின்னால் பாதை மாற முடியுமா? பதினேழு பதினெட்டு வயதில் எடுக்கிற முடிவு இருபத்தைந்து வயதிலும் பிடித்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்த இரண்டு துறைக்கும் நடுவே ஆட்கள் போய்வருகிற வழி பெரும்பாலும் ஒரே திசையில்தான் இருக்கிறது. டெஸ்க்கிலிருந்து மக்கள் தொடர்புக்குப் போகிறவர்கள் ஏராளம். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. நவீன மக்கள் தொடர்பின் முன்னோடிகளில் ஒருவராகச் சொல்லப்படுகிற, 1906இல் தன் கொள்கைப் பிரகடனத்தை வெளியிட்ட ஐவி லீ, அதற்கு முன் நியூயார்க்கில் நிருபராக இருந்தவர். எதிர்த்திசையில் வருபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு.

ஏன் குறைவு என்று யோசித்தால், முதல் காரணம் சார்புச் சிக்கல். நேற்றுவரை ஒரு மருந்து கம்பெனிக்காகப் பேசிக்கொண்டிருந்தவரை இன்று மருந்துத் துறைச் செய்தி எழுத அனுப்ப எந்தப் பொறுப்பான பத்திரிகை ஆசிரியரும் யோசிப்பார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், வாசகருக்குச் சந்தேகம் வந்தால் போதும். நிருபராக இருந்தவர் அந்தப் பக்கம் போகும்போது இந்தத் தடை இல்லை. ஒரு குறிப்பு எதனால் குப்பைக்குப் போகிறது, பக்கம் முடிக்கிற நெருக்கடியில் எந்த நேரத்தில் ஃபோன் செய்யக்கூடாது, எம்பார்கோ போட்டு (குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது என்கிற நிபந்தனையோடு) அனுப்பிய தகவலை எப்படி நடத்துவார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஆள் என்று விரும்பியே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, கையில் காட்ட என்ன இருக்கிறது என்பது. இதழியல் மாணவர் ஒழுங்காக உழைத்தால் படிப்பு முடியும்போது பைலைனோடு, அதாவது எழுதியவர் பெயரோடு, வெளியான செய்திகள் இருக்கும். யாரும் தேடிப் படிக்கலாம், சரிபார்க்கலாம். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908இல் இதழியல் பள்ளி தொடங்கியபோதே மாணவர்கள் உழைப்பில் ஊருக்கான நிஜப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார்கள். செய்து பழகுவது என்கிற அந்த வழியை அப்புறம் எத்தனையோ கல்லூரிகள் பின்பற்றின. மக்கள் தொடர்பில் பயிற்சிக்குப் போகிற மாணவர் எழுதுகிற குறிப்பு நிறுவனத்தின் பெயரில் போகும். அதில் மேற்கோள் குறிக்குள் தலைமை அதிகாரி சொன்னதாக வருகிற வாக்கியத்தைக்கூட அந்த மாணவரே எழுதியிருப்பார், ஆனால் ‘இது நான் எழுதியது’ என்று வெளியே சொல்ல முடியாது. நல்ல யோசனைகள் கிளையன்ட்டின் ரகசியக் கோப்பில் தங்கிவிடும். நேர்காணலில் மிஞ்சுவது வகுப்பில் ஒரு கற்பனை நிறுவனத்துக்குப் போட்ட பிரசாரத் திட்டம்தான். மாணவர்களே நடத்தி நிஜ கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்கிற ஏஜென்சி உள்ள கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே சேர்ந்தால் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும்.

மூன்றாவது காரணத்தை நான் என் வேலையில் தினமும் உணர்கிறேன். யார் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ‘இது எப்படித் தெரியும்? வேறு யார் சொல்வார்கள்? ஆவணம் இருக்கிறதா?’ என்று கேட்கிற பழக்கம் இளவயதில், தப்பு செய்தால் டெஸ்க்கில் திட்டு வாங்குகிற சூழலில்தான் ஆழமாகப் பதிகிறது. மக்கள் தொடர்பு வேலையில் எனக்கு அதிகம் கைகொடுத்ததும் இதுதான். மேலிடத்திலிருந்து ஓர் எண் வரும், ‘இதைக் குறிப்பில் போடுங்கள்’ என்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சில சமயம் பதில் இருக்காது. அதைக் கேட்காமல் வெளியே அனுப்பினால் முதல் நிருபரின் ஃபோனிலேயே மாட்டிக்கொள்வோம்.

அதே நேரம் பட்ஜெட் போடுவது, ஆறு மாதத் திட்டத்தை வாரவாரியாகப் பிரிப்பது, பலனை அளப்பது இதெல்லாம் இதழியல் வகுப்பு எனக்குத் தரவில்லை. கூட வேலை பார்த்தவர்களிடம்தான் கற்றேன், நேரம் பிடித்தது. அதனால் இதழியல் எடுப்பவர்கள் ஆய்வு முறைகள், நெருக்கடித் தொடர்பு இந்த இரண்டு தாள்களையாவது துணைப்பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் புள்ளியியலும்.

மக்கள் தொடர்பை நேராகவே எடுக்க வேண்டியவர்களும் உண்டு. முன்பின் தெரியாதவரிடம் சங்கடமான கேள்வி கேட்பது சுத்தமாக ஒத்துவராது, ஒரு அமைப்போடு நீண்டகாலம் இருந்து அதன் பேச்சையும் செயலையும் சீராக்குவதில்தான் ஆர்வம், பொதுச் சுகாதாரம் மாதிரி ஒரு துறைக்குப் பிரசாரம் செய்ய வேண்டும் என்று தெளிவாக இருப்பவர்கள். இவர்கள் இதழியலில் சேர்ந்து மூன்று வருடம் மனமில்லாமல் செய்தி சேகரிப்பதில் அர்த்தமில்லை. மாணவர் பத்திரிகையில் மட்டும் கொஞ்ச காலம் எழுதிப் பாருங்கள்.

சேருவதற்கு முன் அந்தக் கல்லூரி மாணவர் பத்திரிகையின் பழைய இதழ்களைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். விடுதிக் கட்டணம், தேர்வு முடிவு தாமதம், நிர்வாகத்தின் பதில் என்று மாணவர்கள் உண்மையாகவே விசாரித்து எழுதிய செய்திகள் இருந்தால் அங்கே இதழியல் படிக்கலாம். ஆண்டுவிழாப் படங்களும் முதல்வரின் வாழ்த்துரையும்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது என்றால் நான் மேலே சொன்ன எந்தச் சாதகமும் அங்கே கிடைக்காது. அந்தக் கல்லூரியில் மக்கள் தொடர்புத் துறை நன்றாக நடக்கிறது என்றால் அதிலேயே சேருங்கள்.