கொழும்பிலிருந்து மொம்பாசாவுக்குப் புத்தகப் பெட்டிகள்: எல்.சி.எல். கப்பல் சேவை எப்படி?

ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களின் மிருக வைத்திய பீடங்களுக்குப் பாடப்புத்தகம் அனுப்ப நிதி திரட்டும் மாணவர் குழுக்களுக்குக் கொழும்பில் கட்டுப்படியாகும் வழி எல்.சி.எல். சேவைதான். பலருடைய சாமானை ஒரே கொள்கலனில் ஏற்றி, உங்கள் பெட்டிகள் பிடிக்கும் இடத்துக்கு மட்டும் காசு வாங்குவார்கள். கோட்டை, புறக்கோட்டைப் பக்கத்துச் சரக்கு முகவர்களிடம் இதற்கு விலை கேட்கலாம். 1 முதல் 5 கன மீற்றர் வரையான புத்தகங்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் கென்யத் துறைமுகமான மொம்பாசாவில் இறங்கிய பிறகு வரும் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் உண்டியலைக் கையில் எடுக்க வேண்டும்.

கட்டணம் கன மீற்றருக்கு, அல்லது 1000 கிலோவுக்கு. எது கூடுதலாக வருகிறதோ அது. சராசரி 1.5 கிலோ உள்ள 1000 புத்தகம் என்றால் 1500 கிலோ. 40×30×25 சென்ரிமீற்றர் பெட்டியில் 20 கிலோ வைத்தால் 75 பெட்டி, 2.25 கன மீற்றர். இதையே 120×100 சென்ரிமீற்றர் மரத்தட்டு இரண்டில், தட்டுக்கு நான்கு அடுக்காக வைத்தால் தட்டின் 15 சென்ரிமீற்றர் உயரமும் சேர்ந்து 2.76 கன மீற்றராகிவிடும். அரைக் கன மீற்றருக்கு மேல் மரத்துக்கும் வெற்றிடத்துக்குமே காசு. ஆனாலும் தட்டில் அனுப்புவதே நல்லது. தளர்வாகப் போகும் பெட்டிகள் கைமாறுகிற ஒவ்வோர் இடத்திலும் எறியப்படும். ஒன்றிரண்டு காணாமலும் போகும். தட்டு வெப்பப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம். அதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பொதிகளுக்கான சர்வதேச விதி) முத்திரை இல்லாத மலிவுத் தட்டை இறங்குதுறையில் தடுத்து வைப்பார்கள்.

விமானத்தில் அனுப்ப நினைக்க வேண்டாம். அங்கே 1 கன மீற்றரை 167 கிலோவாகக் கணிப்பார்கள். புத்தகம் அதைவிடப் பல மடங்கு கனம் என்பதால் முழு எடைக்கும் கட்ட வேண்டிவரும்.

இந்தச் சேவையின் பெரிய குறை விலைத்தாளில்தான். கொழும்பில் தருவது பெரும்பாலும் கப்பல் கூலி மட்டும். பார்க்க மலிவாக இருக்கும். மொம்பாசாவில் கொள்கலனைப் பிரிக்கும் கூலி, விடுவிப்புக் கட்டளைக் கட்டணம், களஞ்சிய வாடகை, சுங்க முகவர் கூலி எல்லாம் பெறுநர் தலையில் விழும். பல்கலைக்கழக நூலகத்தின் வரவுசெலவில் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இலவச நாட்கள் முடிந்ததும் வாடகை நாளுக்கு நாள் ஏறும். கடைசியில் நன்கொடைப் புத்தகம் ஏலத்துக்குப் போகும். அதனால் ‘டி.ஏ.பி., பல்கலைக்கழக வாசல் வரை’ என்று, அதாவது அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவெல்லாம் அனுப்புநர் பொறுப்பாக, விலை கேளுங்கள். அப்போதும் இறக்குமதிச் சுங்கமும் வரியும் பெறுநர் பொறுப்புத்தான். அதை விலைத்தாளில் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விலை டொலரில் வரும், குறுகிய காலத்துக்கே செல்லும். 2022இல் ரூபாய் விழுந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இலக்குத் தொகைக்கு மேல் 15 வீதமாவது கூட்டித் திரட்டுவார்கள். மொத்தச் செலவை 75ஆல் வகுத்து ‘ஒரு பெட்டிக்கு ஒரு கொடையாளர்’ என்று கேட்டால், கொடுப்பவருக்கும் தன் காசு எங்கே போகிறது என்று தெரியும்.

பத்திரங்களில் பிழை வருவது பெறுமதி எழுதும் இடத்தில். நன்கொடைதானே என்று பூச்சியம் போட்டால் சுங்கம் ஏற்காது. பழைய புத்தகத்துக்கு நியாயமான சிறு பெறுமதி போட்டு, ‘நன்கொடை, விற்பனைக்கல்ல’ என்று எழுதுங்கள். புத்தகத்துக்கான சுங்கப் பொருட்குறியீடு 4901. பெறுநராகப் பேராசிரியரின் பெயரைப் போடாமல் நூலகர் என்ற பதவியைப் போடுங்கள். பல்கலைக்கழகத்தின் ஏற்புக் கடிதம் கப்பல் புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். கல்வி நூல்களைத் தீர்வையிலிருந்து விலக்கும் 1950ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையை மேற்கோள் காட்டலாம். ஆனால் தீர்வை இல்லை என்பதால் மற்றக் கட்டணங்களும் இல்லை என்று எண்ண வேண்டாம்.

பொதி கட்டும்போது ஈரத்துக்குப் பயப்பட வேண்டும். மிருக வைத்திய நூல்களில் நிறப்படம் அதிகம் என்பதால் தாள் பளபளப்பானது. அது நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிரிக்கவே முடியாது. கொள்கலனின் கூரையில் இரவில் வியர்வைபோல நீர் கோத்துச் சொட்டும். ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, உள்ளே தடித்த பொலித்தீன் உறை, ஈரமுறிஞ்சிப் பைகள் மூன்றும் வேண்டும். மழை நாளில் பொதி கட்டினால் கொழும்பின் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகும்.

இனி எதை அனுப்புவது? கொழும்பில் சேரும் புத்தகங்களில் நாய், பூனை வைத்தியமே மிகுதியாக வரும். ஆபிரிக்காவில் மாடு, ஆடு, கோழி, ஒட்டகம் பற்றியவையும் உண்ணிக் காய்ச்சல், இரத்தம் குடிக்கும் செற்சி ஈ பரப்பும் நோய்கள் பற்றியவையும் வேண்டும். உடற்கூற்றியல் நூல் 15 வருடப் பழசானாலும் பயன்படும். மருந்தியல் 5 வருடத்தைத் தாண்டினால் வேண்டாம். மாட்டுக் கொள்ளைநோய் உலகிலிருந்து ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அதை இன்னும் பரவும் நோயாகச் சொல்லும் நூலைப் பெட்டியில் போடாதீர்கள். மேர்க் மிருக வைத்தியக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் அதன் பழைய அச்சுப் பிரதிக்குக் கப்பல் கூலி கொடுப்பது வீண். செனகலின் டக்காரில் கற்பிப்பது பிரெஞ்சில். ஆங்கில நூல் அங்கே பயன்படாது. புத்தகப் பட்டியலை நூலகருக்கு அனுப்பி, அவர் வேண்டாமென்று வெட்டியதை வெட்டிய பிறகே பெட்டியை ஒட்டுங்கள்.

முதல் முறை அனுப்புகிறவர்களுக்குத் தன்சானியாவின் சொகொய்னே பல்கலைக்கழகம் வசதியானது: தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து அது இருக்கும் மொறொகொறோ ஏறத்தாழ 190 கிலோமீற்றர்தான். கென்யாவின் நைரோபிப் பல்கலைக்கழகக் கபெற்றே வளாகமும் கைகூடும். உகண்டாவின் கம்பாலாவிலுள்ள மக்கரேரே பல்கலைக்கழகத்துக்கு மொம்பாசாவிலிருந்து 1100 கிலோமீற்றருக்கு மேல் லொறிப் பயணம், நடுவே ஓர் எல்லை. கம்பாலா வரை ஒரே கப்பற்சீட்டில் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான பத்திரம்) பொறுப்பேற்காத முகவரிடம் அந்தப் பெட்டிகளைக் கொடுக்க வேண்டாம்.